புருஷாமிருக வேஷம்

வேஷம் போடுவதாக மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேனே தவிர, என்ன வேஷம் என்று சொல்ல மறந்துவிட்டேன். நேர்ந்தது நான், போட வேண்டியது என் வீட்டுக்காரர். அவரைக் கேட்டுக்கொண்டு நேரவில்லை. கேட்கிற நிலையில் அவர் இல்லை. உடம்பெல்லாம் பெரியம்மை வார்த்து, வேப்பிலைப் படுக்கையில் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தார். பதினோராம் நாள் பேச்சு குழறியது. நான் சமையல்கட்டுக்குள் போய், என் பிறந்த ஊரான விருதுநகர் இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பி, "அவுக உசிரை எனக்குக் குடுத்துரு தாயி. பங்குனிப் பொங்கலுக்கு வேசம் போட வச்சு ஓன் வாசல்ல கொண்டாந்து நிறுத்துறேன்" என்றேன். எனக்கு அப்போது வயது பத்தொன்பது. கல்யாணமாகி எட்டு மாதம்.

அவர் பெயரை இதில் எங்கும் தேட வேண்டாம். நான் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வேன். இத்தனை வயதுக்கு மேல் எழுதுவதற்குக் கை கூசுகிறது.

ஐம்பதுகளின் கடைசியில் சிவகாசியில் எங்கள் வீட்டுக்கு ஒரு லேபிள் அச்சாபீஸ் இருந்தது. வெடிப் பெட்டிக்கும் தீப்பெட்டிக்கும் ஒட்டுகிற வண்ண லேபிள்கள். மிஷினைப் பார்த்துக்கொள்ள மாமனார் இருந்தார். ஆர்டர் பிடிப்பது என் வீட்டுக்காரரின் வேலை. லேபிள் மாதிரிகள் ஒட்டிய தடித்த ஆல்பத்தை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு திருத்தங்கல், விஸ்வநத்தம் என்று கம்பெனி கம்பெனியாகப் போவார். ஆளைப் பார்த்தாலே ஆர்டர் கொடுப்பார்கள் என்று என் மாமியார் சொல்லிக்கொள்வார். தாய் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. பெண் பார்க்க வந்த அன்று கதவிடுக்கில் அவரைப் பார்த்துவிட்டு, 'இந்த முகமா எனக்கு' என்று நானே மலைத்துப் போனேன். அதில் எனக்குக் கர்வம்கூட உண்டு. சொல்லிவிட்டால் பாரம் குறையும்.

மாரியம்மன் உயிரைக் கொடுத்தாள். முகத்தை எடுத்துக்கொண்டாள். நெற்றியிலிருந்து தாடைவரை குழி குழியாகத் தழும்பு. இடது புருவத்தில் பாதி போயிற்று. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று சவரக் கண்ணாடியை ஒரு தடவை பார்த்தார். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு ஆல்பம் அலமாரியை விட்டு இறங்கவில்லை. காலையில் வெயில் ஏறும் முன்பே அச்சாபீஸின் பின்கட்டுக்குப் போய்விடுவார். அங்கே கழிவுக் காகிதத்துக்கு நடுவே உட்கார்ந்து லேபிள் எண்ணிக் கட்டுவார். தெருவில் நடந்தால் தலையில் துண்டு. அதன் ஒரு முனை பல்லுக்கிடையில். வீட்டில் என்னிடம் பேசும்போதும் சுவரைப் பார்த்துத்தான் பேசுவார். ஆர்டர் பிடிக்க ஒரு சொந்தக்காரரை அனுப்பினார்கள்; போனவர் போன இடத்திலெல்லாம் காப்பி குடித்துவிட்டுத் திரும்பினார். எனக்கு அந்த ஆர்டர் பெரிதில்லை. அவர் தலையில் துண்டு இல்லாமல் ஒரு நாள் தெருவில் நடக்க வேண்டும். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

மாசி பிறந்ததும் வேஷப் பேச்சை எடுத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். உடனே சரி என்றார். எனக்குச் சந்தேகம் தட்டியது.

"என்ன வேசம்னு நேந்துக்கிட்ட?" என்று சுவரிடம் கேட்டார்.

"அதச் சொல்லல."

"சொல்லாமயா நேந்த?"

"அந்த நேரத்துல அம்புட்டுத்தான் வந்துச்சு."

விருதுநகர்ப் பங்குனிப் பொங்கலுக்கு வேஷம் போடுகிறவர்கள் பெரும்பாலும் கரியையோ செம்மண்ணையோ அப்பிக்கொண்டு கரடி, புலி, குறவன், கிழவி என்று வருவார்கள். அதிலெல்லாம் முகம் தெரியும். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "யாளி" என்றார். கோயில் தூணில் சிங்க உடம்பும் துதிக்கையுமாகப் பிதுங்கி நிற்குமே, அது. பெரிய தலையாகச் செய்து கழுத்துவரை கவிழ்த்துக்கொள்ளலாம். வாய் வழியாக வெளியே பார்க்கலாம். அவர் ஏன் உடனே சரி என்றார் என்பது எனக்கு அப்போது விளங்கிற்று. துண்டுக்குப் பதில் இன்னும் கெட்டியான ஒரு துண்டு கிடைத்த சந்தோஷம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பிறந்த வீட்டில் என்னை மிளகாய் மண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் கோபத்தை அடக்கிக்கொண்டு, "யாளி தூணை விட்டு எறங்காதுல்ல. அது சாமி கும்புட்டு யாரு பாத்தா? பக்தியுள்ள மிருகமாப் பாருங்க" என்றேன்.

"பக்தியுள்ள மிருகம் எங்கன இருக்கு?"

"புருஷாமிருகம் இருக்கே."

சின்னப் பிள்ளையில் ஒரு சிவன் கோயில் வாகனக் கொட்டடியில் அதைப் பார்த்திருக்கிறேன். சிங்கத்தின் உடம்பு, மனிதனின் முகம், கையில் பூசை மணி. கதையும் தெரியும். தருமருடைய யாகத்துக்கு அதை அழைத்துவரப் பீமன் போனான். ஓடிவரும்போது தன் எல்லைக்குள் பிடித்துவிட்டால் அவனைத் தின்றுவிடுவேன் என்பது அதன் நிபந்தனை. எல்லையைத் தாண்டப் பீமன் ஒரு காலை வைத்தான், அது மறு காலைப் பிடித்துவிட்டது. வழக்கு தருமரிடம் போயிற்று. தம்பி என்றும் பாராமல், பாதி உடம்பு உனக்கு, பாதி எங்களுக்கு என்று தருமர் தீர்ப்புச் சொன்னார். அந்த நியாயத்தைக் கேட்டு மனம் குளிர்ந்து அது பீமனை முழுசாக விட்டுவிட்டது. இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். மனித முகம் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லாமல் ஓரமாகச் சொன்னேன்.

வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த மாமியார் காதில் இது பாதிதான் விழுந்திருக்கிறது. முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"ஏத்தா, என்ன பேச்சுப் பேசுத? நோவுல விழுந்து எந்திரிச்ச பிள்ளைய மிருகமுங்கியா? எந்த ஊருல பொண்டாட்டி புருசனைப் பாத்து மிருகமும்பா?"

"அத்தை, நான் அவுகளைச் சொல்லல. புருஷாமிருகம்னு ஒரு..."

"இந்தா, மறுபடியும் புருசன் மிருகமுங்காளே!"

விளக்க விளக்க மோசமாயிற்று. மறுநாள் காலையில் தெருக் குழாயடிக்கு நான் குடத்தோடு போனபோது செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. "ஒங்க வீட்டுப் புருசமிருகம் சாப்பிட்டுச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு, ஆனா பக்தி கெடையாது" என்றாள் இன்னொருத்தி. நான் குடத்தை நங்கென்று வைத்துவிட்டு வந்து அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். சத்தமாக, தோள் குலுங்கச் சிரித்தார். ஆறு மாதம் கழித்து அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். "சரி, அதுவே போடுறேன்" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பின்கட்டிலேயே வேலை நடந்தது. சாக்கில் உடம்பு, தேங்காய் நாரில் பிடரி, கயிற்றில் வால். பூசை மணி என் மாமியார் கொடுத்தது. தவறாகப் புரிந்துகொண்டதற்கு அவர் கட்டிய அபராதம் அது. என் வீட்டுக்காரர் என்னை அந்தப் பக்கம் வர வேண்டாம் என்றார். பங்குனிப் பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மதியச் சாப்பாட்டை நானே கொண்டுபோனேன். மேசையில் ஒரு முகம் கிடந்தது.

கழிவு லேபிள்களை ஊறப்போட்டு, மைதாப் பசை தடவி, அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த முகமூடி. கூட்டத்தில் யாராவது வெடி போட்டுத் தீப்பொறி தெறித்தால் பற்றிக்கொள்ளக் கூடாதென்று காகிதத்தைப் படிகாரத் தண்ணீரில் வேறு முக்கியிருந்தார். அந்த ஊர்க்காரருக்கு நெருப்பு நினைப்பு இல்லாமல் இருக்காது. மேலே லேபிளுக்குப் பூசுகிற ரோஸ் நிறம். அரும்பு மீசை. இரண்டு புருவமும் முழுசாக. பக்கத்தில் எங்கள் கல்யாணப் போட்டோ சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

கதவிடுக்கில் நான் பார்த்த அதே முகம். ஒரு குழி இல்லை.

"மனுச முகம் வேணும்னியே" என்றார்.

"ஒங்க முகத்தைக் கேட்டேன்."

"இதுதான் எம் முகம்."

சாப்பாட்டை வைத்துவிட்டு வெளியே வந்து, அடுக்கி வைத்த காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் நின்று அழுதேன். அவர்மேல் கோபம், அந்தக் காகித முகத்தின் மேல் அதைவிடக் கோபம். அதோடு நான் எட்டு மாதந்தான் வாழ்ந்தேன். அம்மை வார்த்த முகத்துக்குத்தான் வேப்பிலையால் வீசினேன், கஞ்சி ஊட்டினேன், புண்ணில் ஈ உட்காராமல் பார்த்துக்கொண்டேன். எது என் புருஷன் என்று எனக்குத் தெரியாதா? மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

பொங்கலன்று காலை பஸ்ஸில் விருதுநகர் போனோம். பிரம்புக் கூடையில் முகத்தை வைத்து என் மடியில் கொடுத்திருந்தார். அவர் ஜன்னலோரம் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு என் பிறந்த வீட்டுத் தெருவில் அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அம்மை வார்த்தது மட்டும் எல்லோருக்கும் தெரியும். என் அண்ணன் வாசலில் வந்து நின்று, "வாங்க மாப்ளே, வாங்க" என்று கூப்பிட்டார். துண்டுக்குள்ளிருந்து தலை ஆடியது, அவ்வளவுதான். நேரே உள்ளறைக்குப் போய்விட்டார்.

கூடையிலிருந்து முகத்தை எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. வேப்பிலை அரைத்த ஈரக்கையோடு எடுத்துவிட்டேன். தாடையில் என் விரல் பட்ட இடம் மெத்தென்று அமுங்கியது. விரலைப் பார்த்தால் ரோஸ் நிறம்.

வார்னிஷ் அடிக்கவில்லை.

லேபிளை அச்சடித்ததும் வார்னிஷ் பூசினால்தான் நிறம் நிற்கும், ஈரம் ஏறாது. சிவகாசியில் இது கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். நெருப்புக்கு அத்தனை ஜாக்கிரதை செய்தவர் தண்ணீரை மறந்துவிட்டார். மறந்ததில் ஆச்சரியமில்லை என்று நினைத்தேன். வானம் பார்த்த பூமி. மழை இல்லாததால்தான் வெடித் தொழிலே அங்கே வந்தது. நனையும் என்ற பயம் எங்கள் ஆட்களுக்கு வருவதே இல்லை.

ஆனால் நனையும். எங்கள் வீட்டு வழக்கப்படி, வேஷம் போட்டவர் கோயில் வாசலுக்கு வந்ததும் நேர்ந்துகொண்டவர் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரைத் தலைவழியே ஊற்ற வேண்டும். அப்போதுதான் கடன் தீர்ந்தது என்று அர்த்தம். ஊற்ற வேண்டியவள் நான்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று கடை தள்ளி வார்னிஷ் விற்றார்கள். பங்குனி வெயிலில் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். நான் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு முகத்தை அவரிடம் கொடுத்தேன். கயிற்றைப் பின்னால் முடிச்சுப் போட்டதும் நான்தான். வாயைத் திறக்கவில்லை.

தெருவில் இறங்கியதும் அவர் வேறு ஆளாகிவிட்டார். மணியை அடித்துக்கொண்டு, பிடரியைச் சிலுப்பிக்கொண்டு, நிமிர்ந்து நடந்தார். வழியெல்லாம் மேளம், கரடிகள், புலிகள், இடுப்பில் கூடையோடு மீசை வைத்த குறத்திகள். "இது என்னலே, சிங்கமா மனுசனா?" என்று பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தார்கள். அவர் அவர்களைத் துரத்தினார். அண்ணன் என்னிடம், "மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல போல, நல்லாத்தான இருக்காரு" என்றார். வேண்டாம், காலில் மட்டும் ஊற்றிவிடலாமா என்று நினைத்தேன். சந்தோஷமாக இருக்கிறவரைச் சந்தியில் நிறுத்த நான் யார்? அவருடைய முகம், அவர் மறைக்கிறார். நான் கேட்காமல் நேர்ந்தது போதாதா?

கோயில் வாசலுக்கு வந்துவிட்டோம். கூட்டம் விலகி வட்டமாயிற்று. அவர் என் முன்னால் வந்து குனிந்தார். காகிதக் கண்ணோட்டை வழியாக அவருடைய நிஜக் கண் தெரிந்தது. நேராக என்னைப் பார்த்தது, சுவரைப் பார்க்கவில்லை.

செம்பைத் தூக்கித் தலையில் ஊற்றினேன். கடைசிச் சொட்டு வரை ஊற்றினேன்.

முதலில் மீசை வழிந்தது. பிறகு ரோஸ் நிறம் சாக்கின் மேல் ஓடியது. மூக்கு உப்பி, தொங்கி, இடது பக்கம் அப்படியே கழன்று தோளில் விழுந்தது. பாதி காகித முகம், பாதி அவர் முகம். தருமர் தீர்ப்புச் சொன்ன மாதிரி நின்றார். மணிச் சத்தம் நின்றுவிட்டது. துண்டு இல்லை. கையால் மூடிக்கொள்வார் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுபடி மணிச் சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தேன். மிச்சப் பாதியைத் தானே உரித்துக் கீழே போட்டிருந்தார். நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி மணியை அடித்துக்கொண்டிருந்தார். யாரும் அலறவில்லை, யாரும் உச்சுக் கொட்டவில்லை. அம்மை வார்த்துப் பிழைத்தவர்கள் கடன் தீர்க்கிற வாசல் அது. குலவை போட்ட பெண்கள், மேளக்காரர், திருநீற்றுத் தட்டு ஏந்தி நின்றவர் என்று பாதி முகங்களில் அதே குழிகள். எனக்கு அதுவரை அது கண்ணில் பட்டதே இல்லை. அவரும் ஒவ்வொருவராகப் பார்த்தார். இடுப்புப் பிள்ளையோடு நின்ற ஒருத்தி, "நல்லா எறங்கியிருக்கா ஆத்தா" என்று அவர் நெற்றியில் திருநீற்றைப் பூசிவிட்டாள். அவள் முகமும் அப்படித்தான் இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் துண்டை மடித்து மடியில் வைத்திருந்தார். ஜன்னல் காற்று முகத்தில் அடித்தது. அடுத்த திங்கட்கிழமை அலமாரியைத் திறந்து, ஆல்பத்தைத் தூசி தட்டி, கேரியரில் கட்டிக்கொண்டு திருத்தங்கலுக்குப் போனார். இரண்டு ஆர்டரோடு வந்தார். என் மாமியார் மாரியம்மனுக்குச் சூடம் கொளுத்தினார்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. நல்லதுதான் நடந்தது, ஆனாலும் நான் செய்தது துரோகம். தெரிந்தே அவரைச் சந்தி சிரிக்க வைக்கப் பார்த்தேன். சந்தி சிரிக்காமல் போனது மாரியம்மன் புண்ணியம். சோறு போடும்போதெல்லாம் சொல்லிவிடலாமா என்று வாயெடுப்பேன். தீபாவளி சீசன் முடிந்து, மிஷின் ஓய்ந்த ஒரு மதியம், ரசம் ஊற்றும்போது சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு அந்த மொகரைக்கு வார்னிஷ் அடிக்கலன்னு எனக்குக் காலையிலயே தெரியும். சொல்லாமத்தான் ஊத்துனேன்."

அவர் கையை இலையில் வைத்தபடியே நிமிர்ந்தார். இப்போதெல்லாம் என்னைப் பார்த்துத்தான் பேசுவார்.

"பதினாலு வயசுல இருந்து அச்சாபீஸ்ல கெடக்கேன். எந்த லேபிளையாச்சும் நான் வார்னிஷ் அடிக்காம வெளிய விட்டுருக்கனா?"

எனக்குப் புரியவில்லை. அவர் ரசத்தைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார்.

"நானாக் களட்ட முடியல. நீ ஊத்துவன்னு தெரியும்."